கழன்ற வளையம்

எனக்கு உட்கார்ந்து பேச வராது சார், நின்றுகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் கால் குடைகிறது.

என் பெயர் பாஸ்கல், ராயபுரம். திருவொற்றியூரில் மனோகரன் பட்டறையில் சி.என்.சி. லேத், அதாவது கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின், ஓட்டினேன். எங்களுக்கு வந்தது முரட்டு வேலை. பார்க்க அலுமினிய வளையம்தான். ஆனால் உள்ளே சாணைக்கல் பொடி மாதிரி ஒன்றைக் கலந்து வார்த்திருப்பார்கள். கடையப் போனால் வெட்டும் முனையையே தின்றுவிடும். வைர முனை போட்டாலும் வளையத்தின் விளிம்பு சில்லுசில்லாகப் பொரிந்துவிடும். நான் கெடுத்த வளையங்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன.

அப்போதுதான் ஜெயஸ்ரீ வேலைக்கு வந்தாள். முகத்துவாரக்குப்பத்துப் பெண், பாலிடெக்னிக் படித்தவள். விளிம்பை முதலில் லேசாகச் சாய்த்துச் சீவிவிட்டு, அப்புறம் நிதானமாக உள்ளே போனாள். பொரியவில்லை. முதலாளி அந்த வளையத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாஸ்கலு, இனிமே இந்த மெஷின அது பாத்துக்கட்டும். நீ பேக்கிங் பக்கம் போ நைனா" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் மரியாதையான பெண். "டீ குட்ச்சியாண்ணா?" என்று தினமும் கேட்பாள். ஆனால் பேக்கிங் மேஜையில் என்னால் நிற்க முடியவில்லை. மெஷினின் சத்தம் மாறும்போதெல்லாம் என் கை தானாக அசையும். சாப்பாட்டு நேரத்தில் சாத்தாங்காடு வரை சும்மா நடந்துவிட்டு வருவேன். வீட்டில் என் மனைவி பிலோமி, "இன்னாய்யா, ஒரு எடத்துல நிக்காம சுத்திகினே கீற?" என்றாள்.

ஒரே ஒரு வளையம் ஜெயஸ்ரீ கையில் கெட்டால் போதும் என்று நினைத்தேன். அவள் கை கழுவப் போனபோது, வளையத்தைக் கவ்வும் பிடியின் அழுத்தத்தைக் குறைத்தேன். கதவைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். அப்படி நிறுத்தும் சுவிட்சையும் வேலை செய்யாதபடி ஒரு கம்பியால் கட்டினேன். அவள் வந்து மெஷினை ஓடவிட்டாள்.

"சத்தம் ஒரு மாதிரி கீது. கதவத் தொறந்து கிட்ட பாரும்மா" என்றேன்.

"சரிண்ணா" என்று குனிந்தாள்.

வளையம் கழன்று அவள் நெற்றியில் அடித்தது. ஆட்டோவில் அவள் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரி வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அவளை எடுத்த மறுநாளே மெஷினில் நான் நின்றேன். யாராவது ஓட்டித்தானே ஆகவேண்டும்.

நான் கெடுக்க நினைத்தது வளையத்தை சார், அவளை இல்லை. சத்தம் கேட்டால் நீயே ஏன் குனிந்து பார்க்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் குனிந்திருந்தால் எனக்கல்லவா பட்டிருக்கும்?