அஞ்சாம் நாள் துடிச்சுது

அலோ... அலோ... யாரு, சைபுல்லா பாயா?... நான் மருதையன் பேசுறேன்... மருதையன்! மேலக்கரை! திருத்துறப்பூண்டி சந்தையில அடைக்கு வைக்கணும்னு பதினோரு பெருவிடைக் கோழி முட்டை வாங்கிட்டு வந்தேன்ல?... ஆங், அதே கெழவன்தான்.

சவுக்கியமெல்லாம் அப்புறம் விசாரிக்கலாம். செத்த முட்டையக் குடுத்து ஏமாத்திட்டீங்களே, நல்லாருக்கா உங்களுக்கு?...

இல்ல, கத்தல. என் தொண்டையே இப்புடித்தான்...

எப்புடித் தெரியுமா? கேளுங்க. நான் பள்ளிக்கூடம் போவல. ஆனா முட்டை பாக்கத் தெரியும். இப்பவும் மாட்டுக் கொட்டாயில சாக்கப் போத்திக்கிட்டு, டார்ச் லைட்டு மூஞ்சியில முட்டைய வச்சுப் பாத்துக்கிட்டேதான் பேசுறேன். எட்டு பாத்துட்டேன். எட்டும் ஒண்ணுபோல இருக்கு. நரம்பு இல்ல. சுத்திவர ரத்தம் மோதிரம் போட்டாப்புல நிக்குது. உள்ள ஒரு கருப்புப் புள்ளி. ஆடல, அசையல...

இருங்க, ஒம்போதாவதையும் பாக்குறேன்... ம்... மோதிரந்தான். போச்சு.

என்னது, ஆரம்பத்துலேருந்தே கரு இல்லாம இருந்துருக்குமா? இந்தப் பேச்சுதான வேணாங்குறது. இருந்துச்சு பாய்! போன வியாழக்கெழம வச்சேன். மூணாம் நாள் பாத்தேன், குண்டூசித் தலையாட்டம் செவப்பா ஒரு பொட்டு. அஞ்சாம் நாள், இந்தச் செவ்வாக்கெழம காலையில, நரம்பு எட்டுக்கால் பூச்சி கால விரிச்சாப்புல ஓடிக் கெடந்துச்சு. நடுவுல துடிக்குது. கண்ணு கருப்பா விழுந்துடுச்சு. பதினொண்ணும் அப்புடித்தான். மருமவப் புள்ளையக் கூப்புட்டுக்கூட காட்டுனேன்...

செம்மொழி. எம் மவன் புகழேந்தி பொண்டாட்டி. முழுவாம இருக்கு, ரெண்டு மாசம் ஆவுது. அது பாத்துட்டு, "மாமா, ஸ்கேன்ல எனக்கும் இப்புடித்தான் துடிச்சுச்சு"ன்னு சொல்லிச் சிரிச்சுது.

அப்ப முட்டை நல்ல முட்டைதான்ங்குறீங்களா?... ஆமா... ஆமா, செவ்வாக்கெழம உசுரோடதான் இருந்துச்சு... நாந்தான் சொன்னேன், ஆமா. என் வாயாலயே என்னை மடக்குறீங்க. யாவாரின்னா சும்மாவா.

கோழியா? அதயேன் கேக்குறீங்க. அடைய வுட்டு எறங்கிடுச்சு. நேத்து விடியக்காலையில பாத்தா கெணத்தடியில நிக்குது. இது மூணு அடை படுத்த கோழி பாய். கீரிப்புள்ள வந்தப்பகூட எந்திரிக்கல, படுத்த மேனிக்கே கொத்துச்சு. இப்பத் தூக்கிட்டுப் போனா வாசப்படி வரைக்கும் வருது, கழுத்த நீட்டி உள்ள பாக்குது, அப்புறம் என் கையக் கொத்திட்டு ஓடுது. நேத்து பூரா முட்டை சில்லுன்னு கெடந்துச்சு. எவனோ ஏதோ வச்சுட்டானோன்னுகூட நெனச்சேன். எதுத்த வூட்டுக்காரன் பார்வையே சரியில்ல...

சரி, சரி. அவன் கெடக்கட்டும். கூடை எங்க வச்சிருந்தேன்னா? நெல்லு ரூம்புல. சம்பாவுக்கு வெதை நெல்லு அடுக்கியிருக்கோம்ல, அந்த மூலையில. கதகதன்னு இருக்கும்.

நாத்தமா? எதுக்குக் கேக்குறீங்க?... இருக்கு. பூண்டு நாத்தம். ரெண்டு நாளா. நான் மருமவதான் பூண்டு அரைக்குதுன்னு நெனச்சேன்... அது எங்க அரைக்குது! நேத்துலேருந்து அடுப்படி பக்கமே வரல. தலவலி, நெஞ்ச அடைக்குது, வாந்தி. மசக்கதான். பக்கத்துத் தெரு பொம்பளைவோ எல்லாம் அப்புடித்தான் சொல்லுதுவோ, மொத மூணு மாசம் கொடலப் புரட்டும்னு. நானும் படுத்துக்க ஆயின்னு சொல்லிட்டேன்.



மருந்தா? வயலுக்கு அடிக்கல, இந்த மழையில எவன் அடிப்பான்... வூட்டுக்குள்ளயா?... ம்... வச்சான். புகழேந்தி வச்சான். வெதை நெல்லுல அந்துப்பூச்சி வுழுந்துடுச்சுன்னு, கடையிலேருந்து மாத்திர வாங்கியாந்தான். வெள்ள மாத்திர. துணியில முடிஞ்சு மூட்டைக்கு நடுவுல சொருவுனான்... செவ்வாக்கெழம மத்தியானம். நான் முட்டை பாத்துட்டு வந்ததுக்கப்புறம்.

எத்தனன்னு எனக்கென்ன தெரியும், நானா எண்ணுனேன்? கைநெறைய வச்சிருந்தான்...

மூடித்தான் வச்சான். தார்ப்பாயப் போட்டு, ஓரத்துல மண்ணு அணைச்சு மூடுனான். கோழிக் கூடைய வெளியில வையிப்பான்னு சொன்னான். நானு, அலுங்குனா கரு கலஞ்சுடும், ஒன் வேலையப் பாருன்னு சொன்னேன். அவன் சாயங்காலம் தஞ்சாவூருக்கு வண்டி ஏறிட்டான், நாளைக்குத்தான் வருவான்...

இப்ப மூடி இருக்கான்னா...

இல்ல பாய்.

நான் எடுத்துட்டேன்.

அன்னிக்கு ராவுல மழை கொட்டுச்சுல்ல? வெளிய வைக்கப் போரு நனையுது. நல்ல தார்ப்பாய வூட்டுக்குள்ள விரிச்சு வச்சிருக்கானே, கூறு கெட்டவன்னு சொல்லி, உருவிட்டுப் போயி வைக்கப் போருல போட்டேன். மாட்டுக்குத் தீனி வேணும்ல? மூட்டைக்கு எதுக்கு மேல ஒரு போர்வை, ஓடுதான் இருக்கேன்னு... என்கிட்ட அவன் சொல்லல பாய், அது எதுக்குன்னு... சொன்னான். மூடியே இருக்கணும்ப்பான்னு சொன்னான். நாந்தான் காதுல வாங்கல.

காத்தா? என்ன காத்து?... அந்த மாத்திர ஈரம் பட்டா வெசக் காத்தா வருமா?... என்ன பாய் சொல்றீங்க... ஓட்டுல ஒழுவல் இருக்கு, ஆமா... ஒழுவுது...

பக்கத்து ரூம்புதான் செம்மொழி படுத்திருக்குறது. நடுச் செவுரு ஓடு வரைக்கும் ஏத்தல, ஆளு ஒசரந்தான்... சன்னல் சாத்தியிருக்கு. மழைச் சாரல்னு நாந்தான் சாத்துனேன்.

காலையில கஞ்சி வேணாம்னுச்சு. மத்தியானம் கூப்புட்டேன், ம்னுச்சு. இப்ப மணி என்ன?... நாலா?...

அந்த வாந்தி செவ்வாக்கெழமைக்கு முந்தி இல்ல பாய். இப்பத்தான் நெனப்பு வருது. அன்னிக்குக் காலையில சிரிச்சுக்கிட்டு நின்னுச்சு.

செம்மொழி! ஏ ஆயி! செம்மொழி!... 

போறேன், போறேன்... ஈரத்துண்டு கட்டிக்கிட்டா தடுக்காதா? சரி, மூச்சப் புடிச்சுக்குறேன்... சன்னலத் தொறக்குறேன், ஆமா... ஆமா... மூட்டைப் பக்கம் போவல, தண்ணி ஊத்தல... அவளத்தான் மொதல்ல தூக்குறேன். நீங்க உங்க மவன் போன்லேருந்து நூத்தியெட்டுக்கு அடிச்சிருங்க. மேலக்கரை, வாய்க்கா மதகு தாண்டி மொத வூடு. போனக் கட் பண்ணாதீங்க. சட்டப் பையில போட்டுக்குறேன்.

செம்மொழி! கதவு சாத்திதான் இருக்கு, தாப்பா போடல... ஆயி, கண்ணத் தொற!... 

......

......

அலோ... பாய்... இருக்கீங்களா...

இழுத்தாந்துட்டேன். கெணத்தடியில போட்டிருக்கேன்... இருக்கு, மூச்சு இருக்கு. ஏறி ஏறி எறங்குது. மாமான்னுச்சு ஒருதரம்... எனக்கு ஒண்ணும் இல்ல, தல சுத்துது, அது கெடக்குது... அடிச்சிட்டீங்களா? எவ்வளவு நேரமாம்?... இருவது நிமிசமா?...

ஒதடு வெளுத்துப் போயிருக்கு பாய். கை சில்லுன்னு இருக்கு. நேத்து முட்டையத் தொட்டப்ப இருந்துச்சே, அந்த மாதிரி...

ஒண்ணும் குடுக்கக் கூடாதா? சரி. ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருக்கேன். கோழி பக்கத்துல வந்து நிக்குது. போ! சீ, போ!

அவன் கேப்பான் பாய். மவன் கேப்பான். மூடியிருந்துச்சேப்பான்னு கேப்பான்...

நீங்க குடுத்த முட்டை நல்ல முட்டைதான். நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க...

இல்ல, அழுவல.

ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. இவ கண்ணு முழிச்சுக்குவா, ஆசுபத்திரியில பாத்துக்குவாங்க, சரி. உள்ள ஒண்ணு துடிச்சுக்கிட்டு இருந்துச்சுல்ல... டார்ச் லைட்டு என் கையிலயேதான் இருக்கு. எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு. முட்டைன்னா வச்சுப் பாத்துடுவேன். இத எப்புடிப் பாய் பாக்குறது?...

பாய்?...



வண்டி வருது. மதகுகிட்ட சத்தம் கேக்குது. வச்சுடுறேன்.