எதிரொலிக்குப் பத்து மதிப்பெண்

எனது பெயர் ஜெகதீஷ், வயது 36, தகப்பனார் பெயர் ராஜாராம், போடிநாயக்கனூரில் குடியிருக்கிறேன். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தை ஒட்டியுள்ள 'பசுஞ்சாரல்' வெளிப்புறக் கல்வி மையத்தில், இரவு தங்க வரும் பள்ளி மாணவர்களின் மாலை நேரச் செயல்பாடுகளுக்கு நான்கு ஆண்டுகளாக ஒருங்கிணைப்பாளராக இருந்து வருகிறேன்.

கடந்த ஜூன் மாதம் 7ஆம் தேதி மையத்தின் நிர்வாகக் குழு கூடி, இரண்டேகால் மணி நேரம் விவாதித்து, மாலை ஆறு முதல் ஏழு வரை நடந்துவந்த 'கூவல் போட்டி' இனி 'எதிரொலி அறிவோம்' என்று அழைக்கப்படும் என ஒருமனதாகத் தீர்மானித்தது. மறு வாரமே புதிய பலகை வைக்கப்பட்டது. விளையாட்டில் மாற்றம் இல்லை. மாணவர்கள் குழுக்குழுவாகப் பாறை விளிம்பில் நின்று பள்ளத்தைப் பார்த்து மூன்று முறை கூவ வேண்டும். திரும்பி வரும் ஒலி தெளிவாக இருந்தால் பத்து மதிப்பெண். அதன்பின் மலைக்கு நன்றி சொல்லும் விதமாக எல்லோரும் சேர்ந்து ஒரு முறை நீளமாகக் கூவ வேண்டும். நன்றிக் கூவலைச் சேர்த்தது நான்தான்.

பாறைக்குக் கீழே உள்ள தோட்டத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. அங்கு வேலை செய்பவர்களிடையே மூன்று கூவல் என்றால் ஆபத்து, ஆள் வேண்டும் என்று அர்த்தம். பதிலுக்கு ஒரு நீளக் கூவல் வந்தால், கேட்டுவிட்டது, இருந்த இடத்தை விட்டு நகராதே, வந்துகொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். இதில் முதலாவது எனக்கு ஜூலையிலேயே தெரியும். இரண்டாவது நேற்றுத்தான் தெரிந்தது.

ஜூலையில் எங்கள் மாணவர்கள் கூவியதைக் கேட்டு, தோட்டத்து ஆட்கள் இரண்டு முறை டார்ச்சும் கயிறுமாக ஏறி வந்துவிட்டார்கள். விளையாட்டு என்று சொன்னேன். கங்காணி விஜயகுமார், "வெளையாட்டா? காட்டுமாடு யாரையும் குத்திருச்சோன்னு கஞ்சியப் பாதில போட்டுட்டு ஓடியாந்தோம். நல்லா வெளையாடுறீக சார்" என்றார். அதன்பின் ஆறு முதல் ஏழு வரை கேட்கும் கூவல்கள் கல்வி சார்ந்தவை, யாரும் வர வேண்டாம் என்று நிர்வாகம் தோட்டத்துக்குக் கடிதம் கொடுத்தது. கங்காணி அதைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் படித்துக் காட்டினார். அதன்பின் யாரும் வரவில்லை. மாத அறிக்கையில் இதை 'அண்டை அயலாருடன் நல்லுறவு' என்ற தலைப்பில் எழுதினேன்.

11.10.2025 சனிக்கிழமை, மதுரையிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவிகள் முப்பத்திரண்டு பேர் ஆசிரியை முத்துப்பிரியாவுடன் வந்திருந்தார்கள். மழை விட்டுப் பனி ஏறிக்கொண்டிருந்தது. மாலை 6.20க்கு இரண்டாவது குழு விளிம்புக்கு வந்தது. அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே பள்ளத்திலிருந்து மூன்று கூவல் கேட்டது. குழுத் தலைவி சுசித்ரா, "சார், நாங்க இன்னும் கூவவே இல்லையே" என்றாள். "மலைக்கு உங்க மேல அம்புட்டுப் பாசம்டி. கேக்குறதுக்கு முன்னாலயே பதில் சொல்லுது. கிளாஸ்ல நீங்க ஒருநாளாச்சும் அப்படிச் சொல்லியிருக்கீங்களா?" என்று ஆசிரியை சொல்லவும் பிள்ளைகள் சிரித்தார்கள். முதல் குழு கூவியதுதான் சுற்றி வருகிறது என்று நான் விளக்கினேன். முதல் குழு கூவி எட்டு நிமிடம் ஆகியிருந்தது. அதன்பின் மறுபடியும் மூன்று கூவல் வந்தது. மிகத் தெளிவாக இருந்ததால் பத்து மதிப்பெண் போட்டேன். அதன்பின் முப்பத்திரண்டு பேரும் நன்றிக் கூவல் கூவினார்கள். அதன்பின் பள்ளத்தில் சத்தம் இல்லை. "சார், அது நின்னுருச்சு" என்றாள் சுசித்ரா. எல்லோரையும் சூப் குடிக்க அழைத்துப் போனேன்.

7.40க்குத் தோட்டத் தொழிலாளி பேச்சிமுத்து வந்தார். அவர் மனைவி ஒச்சம்மாள், வயது 47, காய் பறித்த இடத்தில் மறந்துவிட்ட தூக்குவாளியை எடுக்க நாலரை மணிக்குப் போனவர் திரும்பவில்லை என்றார். "லயத்துல கூவுற சத்தம் கேட்டுச்சு சார். ஒங்க பிள்ளைக வெளையாடுதுன்னு இருந்துட்டோம். ஒங்களுக்கு எதுவும் வித்தியாசமாக் கேட்டுச்சா?" என்று கேட்டார். மாணவிகள் கூவுவதற்கு முன்பே மூன்று கூவல் கேட்டதைச் சொன்னேன். "பதிலு குடுத்தீகளா?" என்றார். எல்லோரும் சேர்ந்து ஒரு முறை கூவியதைச் சொன்னேன். உடனே இறங்கி ஓடினார். அதன்பின் தோட்டத்து ஆட்களும் நானும் பனிக்குள் விடியும்வரை தேடினோம்.

நேற்று காலை ஆறரை மணிக்கு, பாறைக்குக் கீழே சுமார் முந்நூறு மீட்டரில், ஏலச்செடிகளுக்கு நடுவே ஒச்சம்மாளைக் கண்டோம். வலது கால் முறிந்திருந்தது. உயிர் இல்லை. அங்கிருந்து ஜீப் ரோடு அறுபது அடி. சனிக்கிழமை கடைசி ஜீப் ஆட்களை ஏற்றிக்கொண்டு மாலை ஏழு மணிக்கு அந்த வழியாகப் போயிருக்கிறது. அவர் ரோட்டை நோக்கித் தவழ்ந்து வந்த தடம் அந்த இடத்தோடு நின்றிருந்தது.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஜெகதீஷ்
13.10.2025