ரத்தினவேல் வீட்டில் ரெய்டு

சம்ரீன்: சார்... சார், அதைத் தொடாதீங்க.

ரத்தினவேல்: தொட்டா என்னம்மா? பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல முப்பத்தெட்டு வருஷம் இன்ஜினையே தொட்டவன் நான்.

சம்ரீன்: இன்ஜின் தாங்கும் சார். இது எஸ்எஸ்டி, உங்க பொண்ணு எடுக்குற வீடியோவைச் சேமிச்சு வெக்கிற டிரைவ். ஓரத்துல தங்க நிறத்துல பல்லு மாதிரி இருக்கு பாருங்க, அதுல பிசுக்கு படக் கூடாது. உங்க விரல்ல சந்தனம் இன்னும் ஈரமா இருக்கு.

இளவேனில்: அப்பா தொட்ட இடமெல்லாம் சந்தனம்தான் சம்ரீன். டிவி ரிமோட், ஃப்ரிட்ஜ் கதவு, என் பைக் சாவி... எங்க வீட்டுல யார் எதை எடுத்தாங்கன்னு விசாரிக்கவே வேணாம்.

ரத்தினவேல்: நெத்திக்கு இட்டுட்டு மிச்சத்தை எங்க துடைக்கிறதாம்?

இளவேனில்: துண்டுல.

ரத்தினவேல்: வெள்ளைத் துண்டுலயா? நல்லா இருக்கே... ஏம்மா, இத்தனூண்டுதானா இது? ஒரு கல்யாணம் முழுக்க இதுக்குள்ள அடங்குமா?

சம்ரீன்: ஏழெட்டுக் கல்யாணம் அடங்கும் சார். இதே மாதிரி ரெண்டு இருக்கு. ரெண்டையும் கம்ப்யூட்டர்ல ஒண்ணாச் சேர்த்து ஓட வெக்கிறதுக்குப் பேரு ரெய்டு, அதைப் போடத்தான் வந்திருக்கேன்.

ரத்தினவேல்: இரும்மா, போன் அடிக்குது... யாரு? சொல்லுங்க முருகானந்தம்... என்னது? ... யாரு சொன்னா? ... எந்த ஆபீசர்? ... நகையா? எங்க வீட்டு நகையை எதுக்கு உங்க வீட்டுல கொண்டாந்து வெக்கணும்? ... போனை வைங்க முதல்ல!

இளவேனில்: என்னப்பா?

ரத்தினவேல்: எதிர்வீட்டு முருகானந்தம். நம்ம வீட்டுல ரெய்டாம். ஒரு லேடி ஆபீசர் பெட்டியோட உள்ள போயிருக்காங்களாம். தெருவே பேசுதாம்.

சம்ரீன்: ஆபீசர்... நானா சார்?

இளவேனில்: அப்பா, நேத்து டீக்கடையில நின்னு போன்ல என்ன சொன்னீங்க?

ரத்தினவேல்: இவங்க கடைக்குத்தான் சொன்னேன். நாளைக்குப் பதினோரு மணிக்கு என் வீட்டுக்கு ரெய்டுக்கு ஆள் அனுப்புங்க, எல்லாம் தயாரா வெச்சிருக்கேன்னு.

இளவேனில்: சத்தமாவா?

ரத்தினவேல்: நான் என்னைக்கு ரகசியம் பேசியிருக்கேன்? ... சிரிக்காத. நீயும் சிரிக்காதம்மா. முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்ல ஒரு ஸ்பேனர் என் சைக்கிள்ல வீட்டுக்கு வந்தது கிடையாது. அடையவளஞ்சான் தெருவுல யாரை வேணா கேட்டுப் பாரு. அப்படிப்பட்ட வீட்டுல ரெய்டாம்!

சம்ரீன்: கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திறந்து வெச்சிடுங்க சார். வந்து பாக்கட்டும்.

ரத்தினவேல்: திறந்துதான் இருக்கு. இந்த வீட்டுல ஒளிக்க என்ன இருக்கு? நாலு மணிக்குள்ள முடிச்சிடுவல்ல?

சம்ரீன்: தாராளமா முடியும். நாலு மணிக்கு என்ன சார்?

இளவேனில்: மணப்பாறையில இருந்து ஜெயக்குமார்னு ஒருத்தர் வராரு. போன வருஷம் அவரோட அக்கா கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். எடிட் பண்றதுக்குள்ள டிஸ்க் போயிடுச்சு. தாலி கட்டுனது, மாலை மாத்துனது எல்லாமே போச்சு.

சம்ரீன்: கேமரா கார்டுல இல்லையா?

இளவேனில்: டிஸ்க்குக்கு மாத்தும்போதே கார்டு காலியாயிடுச்சு. பழைய டிஸ்க்கை நம்பிட்டேன்.

ரத்தினவேல்: அப்புறம் ஒரு வாரம் கழிச்சு வரவேற்பு வெச்சாங்க, அந்த மண்டபத்துல அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி நிக்க வெச்சுக் கேட்டாங்கம்மா. பொறுப்பு இல்லாத பொண்ணுன்னு. ரத்தினவேல் பொண்ணைப் பாத்து அப்படி ஒரு வார்த்தை.

இளவேனில்: இப்ப தங்கச்சிக்குக் கல்யாணம். மிஷினை நேர்ல பாத்துட்டு, நம்பிக்கை வந்தா வேலையைத் தரேன்னு சொல்லியிருக்காரு.

ரத்தினவேல்: தருவாரு. வேற எவன் எடுத்தாலும் அந்த வார்த்தை அப்படியே நிக்கும். இவ எடுத்தாத்தான் அது அழியும்.

சம்ரீன்: சரி, அப்ப முதல்ல முடிவைச் சொல்லுங்க. ரெய்டு ஜீரோவா, ஒண்ணா?

இளவேனில்: ஜீரோ.

ரத்தினவேல்: ஒண்ணு.

சம்ரீன்: ...ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்லுங்க. நான் திருகாணியைத் தேடுறேன்.

இளவேனில்: அப்பா, ஜீரோன்னா வேகம். ரெண்டு டிரைவும் பாதிப் பாதியா வேலையைப் பிரிச்சுக்கும். இடமும் டபுள். தினம் சாயங்காலம் தனியா ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்துடுறேன். இப்ப கார்டையும் அழிக்கிறதில்ல.

ரத்தினவேல்: பாதிப் பாதியான்னா? ரெண்டு இன்ஜின் சேர்ந்து ஒரு வண்டியை இழுக்குற மாதிரியா?

சம்ரீன்: அதுல ஒண்ணு படுத்தா இன்னொண்ணு மெதுவாவாவது இழுத்துட்டு வந்துடும் சார். ஜீரோல ஒண்ணு படுத்தா வண்டியே இல்ல. ஒவ்வொரு பெட்டியையும் நடுவுல அறுத்து, பாதியை இந்தத் தண்டவாளத்துலயும் பாதியை அந்தத் தண்டவாளத்துலயும் ஓட்டுற மாதிரி.

ரத்தினவேல்: கேட்டியா? இதுக்குப் பேரு ஜீரோன்னு சரியாத்தான் வெச்சிருக்கான். அந்த ஒண்ணு எப்படிம்மா?

சம்ரீன்: ஒண்ணுல எழுதுறது அப்படியே மத்ததுலயும் எழுதும். ஒண்ணு போனாலும் மத்தது நிக்கும்.

ரத்தினவேல்: அதுதான் இந்த வீட்டுக்கு. வேகம் யாருக்கு வேணும்? டிஸ்க் போனதாலதான இவ்வளவும்?

இளவேனில்: டிஸ்க் மேல தப்பு இல்லப்பா.

ரத்தினவேல்: ...பின்ன யாரு மேல?

இளவேனில்: ...கரண்ட் மேல.

சம்ரீன்: கரண்ட்டா? கரண்ட் போயா டிஸ்க் போச்சு?

ரத்தினவேல்: சித்திரைத் தேர் அன்னைக்கும்மா. தேர் அசையும்போது ஒயர்ல உரசக் கூடாதுன்னு இந்தப் பக்கம் கரண்ட்டை நிறுத்துவாங்க. வருஷா வருஷம் உள்ளதுதான். இவ காலையில கார்டுல இருந்து டிஸ்க்குக்கு மாத்தப் போட்டுட்டு வேற ஷூட்டுக்குப் போயிட்டா. நானும் இவ அம்மாவும் தேர் பாக்கப் போயிட்டோம். நடுவுல நின்னுடுச்சு.

சம்ரீன்: ஆனா ஹால்ல இன்வெர்ட்டர் இருக்கே சார். இந்த ரூமுக்கும் லைன் வருது. கரண்ட் போனாலும் மிஷின் ஓடியிருக்கணுமே.

ரத்தினவேல்: அது வந்தும்மா...

சம்ரீன்: சொல்லுங்க சார்.

ரத்தினவேல்: பேட்டரியில... தண்ணி இல்ல அன்னைக்கு.

இளவேனில்: ஆமா ஆமா, தண்ணி இல்ல. நானும் பாத்தேன். சம்ரீன், ரெய்டு ஒண்ணே போடுங்க. அப்பா இஷ்டம்.

சம்ரீன்: போட்டுடலாம். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன் சார். டிஸ்க் செத்தாத்தான் ரெய்டு காப்பாத்தும். கரண்ட் போனா காப்பாத்தாது. ரெண்டும் ஒரே மெயின்லதான இருக்கு? நின்னா ரெண்டும் சேர்ந்துதான் நிக்கும். அதுக்கு யுபிஎஸ் தனியா வேணும்.

ரத்தினவேல்: ...வாங்கிடலாம். நீ வேலையைப் பாரும்மா.

சம்ரீன்: ரெண்டு டிரைவும் உக்காந்தாச்சு. மேல சூடு தணிக்கிற தகடும் மாட்டியாச்சு. ஆன் பண்றேன்... பயாஸ் ஸ்கிரீன்ல ரெண்டும் தெரியுது. ரெய்டு மோடு போட்டாச்சு. இப்ப கேக்குது, டிரைவ்ல இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும், சம்மதமான்னு.

ரத்தினவேல்: என்ன அழியும்?

இளவேனில்: புது டிரைவ்தானப்பா, ஒண்ணுமே இல்ல அதுல. விண்டோஸ் வேற டிரைவ்ல தனியா இருக்கு. எஸ் கொடுங்க சம்ரீன்.

ரத்தினவேல்: கேட்டுட்டு அழிக்குதே. மரியாதை தெரிஞ்ச மிஷின்.

சம்ரீன்: ஆச்சு சார். வெளியில ரெண்டும் ஒரே டிரைவாத் தெரியும். ஏதாவது வீடியோ இருந்தா போட்டுப் பாருங்க.

இளவேனில்: இந்த வருஷத் தேர் இருக்கு. போடுறேன்... இந்தா, வடம் பிடிக்கிற கூட்டத்துல அப்பா.

ரத்தினவேல்: படம் நல்லா ஓடுது. ஆனா எனக்கு அது போதாது. ஜெயக்குமார் வந்து, ஒண்ணு போனாலும் மத்தது நிக்குமான்னு கேட்டா, கம்பெனிக்காரன் சொன்னான்னு சொல்ல மாட்டேன். நான் பாத்தேன்னு சொல்லணும். ஒண்ணைக் கழட்டு.

சம்ரீன்: இப்பவா?

ரத்தினவேல்: பிரேக்கைச் சோதிக்காம எந்த இன்ஜினும் பொன்மலை கேட்டைத் தாண்டாது. கழட்டும்மா.

சம்ரீன்: ஓடும்போது வேணாம். முறையா அணைச்சிட்டுக் கழட்டுறேன்... இந்தாங்க, ஒண்ணு என் கையில. இப்ப ஆன் பண்றேன்.

இளவேனில்: வந்துடுச்சு! தேர் வீடியோ ஓடுதுப்பா! ஒரு ஃப்ரேம் கூடப் போகல.

ரத்தினவேல்: பேஷ். இந்த மூலையில சிவப்பா என்ன எழுதியிருக்கு? கண்ணாடியைக் கொடு... டீகிரேடட். யாரை டீகிரேட் பண்ணிட்டாங்க?

சம்ரீன்: அது ஒண்ணும் இல்ல சார். ரெண்டுல ஒண்ணு காணோம்னு மிஷின் அப்படித்தான் சொல்லும்.

ரத்தினவேல்: எங்க ஒர்க்‌ஷாப்புல டீகிரேடுன்னா தண்டனைம்மா. தப்பு பண்ணினவனை ஒரு படி கீழ இறக்குவாங்க. அவன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஷெட்டுக்குள்ள வர்றதை நானே பாத்திருக்கேன். இங்க வேலையை விட்டுட்டுப் போனது எது?

சம்ரீன்: என் கையில இருக்கறது சார்.

ரத்தினவேல்: ஓடிட்டு இருக்கறது?

சம்ரீன்: உள்ள இருக்கறது.

ரத்தினவேல்: கெட்ட பேரு யாருக்கு எழுதியிருக்கான்?

சம்ரீன்: ...உள்ள இருக்கறதுக்குத்தான். வெளிய வந்தது மேல எங்க போய் எழுதுறது சார்?

ரத்தினவேல்: விட்டுட்டுப் போனதுக்கு ஒண்ணுமில்ல... நின்னு ஓடுறதுக்குக் கெட்ட பேரு...

இளவேனில்: அப்பா? என்னப்பா ஆச்சு?

ரத்தினவேல்: ஒண்ணுமில்ல. அதைத் திரும்ப மாட்டும்மா.

சம்ரீன்: அணைச்சு மாட்டி, ஆன் பண்ணிட்டேன். இப்ப ரீபில்டு ஆகும். இருக்கறது இல்லாததுக்கு எல்லாத்தையும் எழுதிக் கொடுக்கும். முடிஞ்சதும் அந்தச் சிவப்பு எழுத்து தானாப் போயிடும். ரெண்டு சதவீதம்... கொஞ்சம் நேரம் ஆகும் சார்.

ரத்தினவேல்: ஆகட்டும். அதுக்குள்ள உனக்கு ஒரு பதில் பாக்கி இருக்கு. இன்வெர்ட்டர் இருந்தும் எப்படி நின்னுச்சுன்னு கேட்டல்ல?

இளவேனில்: அதான் சொன்னோமேப்பா, தண்ணி...

ரத்தினவேல்: தண்ணி இருந்துச்சு. அதுக்கு முதல் ஞாயித்துக்கிழமை நானே ஊத்தினேன்.

இளவேனில்: அப்பா, இப்ப எதுக்கு அதெல்லாம்...

ரத்தினவேல்: பேச விடு. தெருவுல கரண்ட் நிறுத்தினது அப்புறம்தான். அதுக்கு முன்னாடியே இந்த வீட்டுல நின்னுடுச்சு. நான்தான் மெயின் சுவிட்சை இறக்கினேன். இன்வெர்ட்டரையும் அணைச்சேன். ஷிஃப்ட் முடிஞ்சு கிளம்பினா மெயினை இறக்கிட்டுத்தான் போகணும். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம், வீட்டைப் பூட்டும்போது கை தானாப் போயிடுது. மிஷினைத் தொடாதீங்கப்பான்னு இவ கதவுல சீட்டு ஒட்டியிருந்தா. நானும் மிஷினைத் தொடல.

சம்ரீன்: ...அய்யோ சார்.

ரத்தினவேல்: வடத்தைப் பிடிச்சு நிக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. உங்கம்மாவைக் கூட்டத்துலயே விட்டுட்டு ஓடி வந்தேன். மெயினை மேல ஏத்தினேன். தெருவுல அப்பத்தான் கரண்ட் நின்னிருந்துச்சு. சொல்றதுக்கு ஒரு காரணம் கிடைச்சிடுச்சு. பிடிச்சுக்கிட்டேன்.

இளவேனில்: விடுங்கப்பா. பழக்க தோஷம்.

ரத்தினவேல்: இறக்கினது பழக்கம். மறைச்சது பழக்கம் இல்ல. மண்டபத்துல நீ தலை குனிஞ்சு நிக்கும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். கரண்ட்டைச் சொன்னேன். என்னைச் சொல்லல. வீட்டுப் பேரைக் காப்பாத்துறேன்னு நினைச்சேன். உன் பேரும் அந்த வீட்டுப் பேருதான்னு எனக்கு... இந்தப் பெட்டி சொல்ல வேண்டி வந்துடுச்சு.

சம்ரீன்: நாப்பது சதவீதம் ஆயிடுச்சு சார்... வாசல்ல யாரோ பெல் அடிக்கிறாங்க.

இளவேனில்: ஜெயக்குமாராத்தான் இருக்கும். நாலு மணின்னு சொல்லிட்டு முந்தின பஸ்ஸையே பிடிச்சிருப்பாரு. அப்பா, நீங்க உக்காருங்க. மிஷினை நான் காட்டுறேன். இதெல்லாம் அவர்கிட்ட வேணாம்.

ரத்தினவேல்: மிஷினை நீ காட்டு. அதுக்கு முன்னாடி நான் பேசணும். வாசல்லயே நின்னு பேசுறேன். முருகானந்தத்துக்கும் கேக்கட்டும்.

இளவேனில்: தெருவே கேக்கும்ப்பா. உங்க பேரு என்ன ஆகும்?

ரத்தினவேல்: ரெய்டுன்னு ஊர் சொல்லிடுச்சுல்ல? ஒளிச்சு வெச்சிருந்தது வெளிய வந்தாத்தான் அது முறையான ரெய்டு. சட்டையைக் கொடு. மேல்பட்டனை நானே போட்டுக்குறேன்.

சம்ரீன்: சார், திரும்ப பெல்லு.

ரத்தினவேல்: வரேன்னு சொல்லு... வேனிலு, ஒண்ணு கேக்கறேன். பேட்டரியில தண்ணி இல்லன்னு நான் சொன்ன உடனே, நானும் பாத்தேன்னு நீ எதுக்கும்மா சொன்ன?

இளவேனில்: அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் முதல்ல மெயினைத்தான் போய்ப் பாத்தேன்... கைப்பிடியில மூணு விரல் சந்தனம் இருந்துச்சுப்பா. அம்மா வர்றதுக்குள்ள நான்தான் துடைச்சேன்.