ப்ளீஸ் ஸ்பீக்

பேராசிரியர் கொன்ஸ்ரன்ரைனுக்கு பாலில்லாமல் இஞ்சி போட்ட பிளேன்ரீதான் பிடிக்கும், சேர். பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மார்ச் மாதம் ஒருநாள், பத்து மணிக்குக் குடித்த கோப்பை மேசையில் இருக்கும்போதே, "ஐறீன், இண்டைக்குத் தேத்தண்ணி இல்லையோ?" என்று கேட்டார். இன்னொன்று ஊற்றிக் கொடுத்தேன். அரைமணியில் திரும்பவும் கேட்டார். திரும்பவும் கொடுத்தேன்.

அமைச்சிலிருந்து விசாரிக்க வந்த நீங்கள், தொடக்கத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். இதுதான் தொடக்கம்.

நான் அந்த உயர்கல்வி நிறுவனத்தில் சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்தவள். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு இருபத்தாறு வருடம் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். கடைசியில் பணிப்பாளர் கொன்ஸ்ரன்ரைனின் எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட் என்று கதவில் பெயர் போட்டார்கள். அவரைப் பார்க்க வருகிறவர்கள் என் அறையைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். வேறு வாசல் கிடையாது.

முதலில், அன்றைக்கு அவரைச் சந்திக்க வருகிறவர்களின் பெயர்களை ஒரு சின்ன அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். பிறகு, கோப்புகளில் அவர் எழுதவேண்டிய குறிப்புகளைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். அவர் அதன்மேல் பேனாவால் எழுதினார். பிறகு பென்சில் தேவைப்படவில்லை. நானே பேனாவால் எழுதினேன். அவருடைய கையெழுத்தையும் நானே வைத்தேன்.

உங்கள் மேசையில் பரப்பியிருக்கும் கோப்புகளில் மூன்று வருட எழுத்து என்னுடையது. யாரும் குறை சொல்லவில்லை. நிறுவனத்தை நிர்வகிக்கும் கவுன்ஸிலின் கூட்டங்களுக்கு, சுகமில்லை என்று பிரதிப் பணிப்பாளரை அனுப்பினேன். கவுன்ஸில் இரண்டு தடவை பேராசிரியரைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. புதிய நூலகம், மாலைநேர டிப்ளோமா எல்லாம் அந்த மூன்று வருடத்தில் வந்தவை. பேராசிரியரின் மனைவி செத்துப்போனார், மகன் கனடாவில். டிரைவர் காலையில் ஹெந்தளை வீட்டிலிருந்து ஏற்றிவந்து நாலரைக்குத் திரும்பக் கொண்டுபோவார். தொண்ணூற்றாறில், ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம்தான் இருந்தது. மரியாதையோடு அவரை வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை.

இரத்தினசிங்கம் கணித விரிவுரையாளர். நல்ல மனிதர். செவ்வாய்க்கிழமை காலையில் நான் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டு அரைமணி பிந்தி வருவேன். அந்த வருடம் ஜூலையில் ஒரு செவ்வாய், நான் வரும்போது அவர் உள்ளேயிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்.

"மிஸ், மனுசன் என்னை என்ர தகப்பனெண்டு நினைச்சுக் கதைக்கிறார். உம்மட பொடியன் கணக்கிலை கெட்டிக்காரனாமே எண்டு என்னட்டையே கேக்கிறார்." சிரித்தார். "அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் சல்யூட் அடிச்சது உங்களுக்கோ?"

நானும் சிரித்தேன்.

"பகிடி இல்லை, மிஸ். அவரை டொக்டரிட்டைக் காட்டவேணும். நான் ஒப்பரேஷன் முடிச்சு வந்தவுடனை கவுன்ஸிலுக்கு ஒரு கடிதம் எழுதுறன். அவருக்குச் செய்யிற உதவிதானே."

இரண்டு நாளில் அவருடைய லீவு விண்ணப்பம் வந்தது. இதயத்தில் அடைப்பு. வேலூரில் செப்டம்பர் பதினாறாம் திகதி ஒப்பரேஷன். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், வெளிநாட்டு லீவு வேண்டும். அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுப் போனால் வேலையைக் கைவிட்டதாகக் கணக்கு. முப்பது வருடப் பென்ஷன் போய்விடும். இரண்டு பெண்பிள்ளைகள். அந்தத் தாளில் பணிப்பாளரின் கையெழுத்து விழாமல் அவரால் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகமுடியாது.

நான் அதில் 'ப்ளீஸ் ஸ்பீக்' என்று எழுதினேன். உங்கள் அமைச்சிலும் எழுதுவீர்கள், சேர். வந்து கதைத்துவிட்டுப் போ என்ற உத்தரவு. கதைத்தால்தான் கோப்பு நகரும். கதைப்பதற்கு நேரம் வேண்டும். நேரம் கொடுப்பது நான்.

அவர் வந்தார். பேராசிரியர் மீற்றிங்கில் இருப்பதாகச் சொன்னேன். பிறகும் வந்தார். அமைச்சுக்குப் போய்விட்டதாகச் சொன்னேன். எங்கள் அறை மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லை. ஐந்தாவது தடவை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பியோன் காளியப்பன் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டான். அன்று பின்னேரம் என் மேசையைத் துடைத்துக்கொண்டே, "என்னா மிஸ், எல்லா ஃபைலும் மேல வருது, அந்த ஐயா ஃபைலு மட்டும் அடிக்கே போய்க்கிட்டிருக்கு?" என்றான். மேசையைத் துடைத்தால் போதும் என்று சொன்னேன்.

ஒன்பதாவது தடவை வந்தபோது கதவைச் சாத்திவிட்டு முன்னால் உட்கார்ந்தார்.

"மிஸ், நீங்களே எழுதிவிடுங்கோ. நான் ஒருத்தருக்கும் ஒரு சொல்லும் சொல்லமாட்டன். என்ர பிள்ளையளாணை."

எனக்குக் கோபம் வந்தது, சேர். ஒன்றைச் செய், நான் இன்னொன்றை மறைக்கிறேன் என்றால் அதற்குப் பெயர் லஞ்சம். நத்தார் பண்டிகைக்கு யாராவது கேக் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புகிறவள் நான். அவரிடம் அதை விளக்கமாகச் சொன்னேன். "சரி, மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை. பன்னிரண்டாவதாக வந்தது செப்டம்பர் பன்னிரண்டு, காலை பத்தரை. அன்று நான் நேரம் குறித்துக் கொடுத்திருந்தேன், உண்மையாகவே. ஆனால் பேராசிரியர் காலையிலிருந்து சரியில்லை. உள்ளேயிருந்து செத்துப்போன மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரத்தினசிங்கம் படியேறி வந்து நாற்காலியில் இருந்தார். முகமெல்லாம் வியர்வை. சட்டைப் பையிலிருந்து மாத்திரைக் குப்பியை எடுத்தார். அது கைதவறி விழுந்து என் மேசைக்குக் கீழே உருண்டது.

"அதை எடுத்துத் தாங்கோ, மிஸ்."

நான் சத்தம் போட்டிருந்தால் கீழ்மாடியிலிருந்து ஆட்கள் வந்திருப்பார்கள். டொக்டர் வந்திருப்பார். இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது ஒரே கதவு. பேராசிரியர் அந்த நிலையில் எல்லோர் முன்னாலும் வந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். எழுந்துபோய் அந்தக் கதவைப் பூட்டினேன். பிறகு வெளிக்கதவையும் பூட்டினேன். திரும்பி வந்து என் இடத்தில் இருந்தேன். குப்பி என் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் இன்னும் ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

காளியப்பன் கதவைத் தட்டியபோது பத்து ஐம்பது. உடனே திறந்து அம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணினேன். பொரளை மயானத்தில் கிரியை நடந்தபோது நிறுவனத்தின் சார்பில் மலர்வளையம் கொண்டுபோனதும் நான்தான். அவருடைய மனைவி நேசம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய உதவி, மிஸ். கடைசியிலை நீங்கள் எண்டாலும் பக்கத்திலை இருந்தியள்" என்று அழுதார்.

அவர் செத்ததற்கு அடுத்தநாள் காலை முதல் வேலையாக அவருடைய கோப்பை எடுத்து, பதினோராம் திகதி போட்டு, லீவுக்கு அனுமதி எழுதிக் கையெழுத்து வைத்தேன். நீங்கள் கண்டுபிடித்தது சரி. அந்தக் கையெழுத்தும் என்னுடையதுதான்.

மூன்று வருடம் எல்லாவற்றுக்கும் கையெழுத்து வைத்தவள், இதை மட்டும் இரண்டு நாளைக்கு முன்னால் வைத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அது ஒரு மனிதனின் உயிர் விசயம், சேர். பணிப்பாளர்தான் முடிவெடுக்கவேண்டும். அதில் தலையிட நான் யார்.