சுங்கை பாக்காப்பிலிருந்து வந்த கடிதம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தஞ்சோங் கம்பி வானொலியின் தலைவர் ஜனாப் ஜபருல்லா அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயாவின் துணைவியார் செல்வநாயகி அக்கா அவர்களே, ஜெலுத்தோங்கிலிருந்தும் தண்ணீர்மலையிலிருந்தும் பாலம் தாண்டி அக்கரையிலிருந்தும் வந்து, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் நேயர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் புஷ்பவள்ளி. பதினாறு ஆண்டுகளாக நம் நிலையத்தில் தட்டெழுத்தராக இருக்கிறேன். உங்கள் கடிதங்களைப் பிரித்துப் படித்துக் கோப்பில் கட்டி வைப்பதும் என் வேலைதான். மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் இன்று நானே கேட்டு மேடை ஏறியிருக்கிறேன். துக்கம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. ஏன் என்று சற்று நேரத்தில் உங்களுக்கே தெரியும்.

சென்ற செவ்வாய்க்கிழமை நாம் யாரை இழந்தோம்? துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் கிராணியாகக் கணக்கு எழுதி, சனிக்கிழமை மாலைகளில் நம் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, தீவுக்கே ஜாஸ் இசையைத் தமிழில் சொன்னவரை இழந்தோம். நீங்கள் அன்போடு ‘ஜாஸ் கிராணியார்’ என்று அழைத்த ஐயா கதிர்காமநாதன் அவர்களை இழந்தோம்!

இசை தெரிந்தவர்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கப்பல் மாலுமிகளிடம் பழைய இசைத்தட்டுகளை வாங்கிக்கொண்டு வந்து, அவற்றை நூறு முறை கேட்டுவிட்டு, “இந்தச் சாக்ஸபோன்காரர் ஏன் இந்த இடத்தில் பாட்டைத் திருப்பினார்?” என்று உங்களிடமே கேட்பார். பதில் சொல்ல மாட்டார். தமக்கும் தெரியாது என்பார். எனக்குத் தெரிந்து, தெரியாது என்று ஒலிபரப்பில் சொன்ன ஒரே அறிவிப்பாளர் அவர்தான்.

அவருடைய ‘சுற்றுவழி’ நிகழ்ச்சி அரைமணி நேரம். முதல் கால்மணி ஜாஸ். அடுத்த கால்மணி நம் ஊர்க் கலைகள். பள்ளிக்கூட நாடகமா, கோயில் நாதஸ்வரமா, மலாய்க்காரர்கள் பாடி ஆடும் போரியா கூட்டமா, தெருவில் மேடை போட்ட சீனப் பொம்மலாட்டமா, எல்லாவற்றுக்கும் பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். ஒருமுறை பொம்மலாட்ட மேளக்காரரிடம் துறைமுகத்தில் கற்ற ஹொக்கியன் சீன மொழியில், “எப்போது நிறுத்த வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். பொம்மை ஆட்டுகிறவரின் குதிகாலைப் பார்ப்பேன், அது தரையில் அழுந்தினால் நிறுத்துவேன் என்றார் மேளக்காரர். அந்தக் குதிகாலைப் பற்றி ஐயா ஒரு வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். நிலையத்தில் நாங்கள் எல்லோரும் ஒருவர் குதிகாலை ஒருவர் பார்க்க ஆரம்பித்துவிட்டோம்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

தலைவர் அவர்கள் தம் உரையில் ஒரு கோப்பைக் குறிப்பிட்டார்கள். 1979-இல் ‘சுற்றுவழி’யை நிறுத்திவிடலாம் என்று நிர்வாகக் குழு நினைத்தபோது, நேயர்களாகிய நீங்கள் எழுதிக் குவித்த கடிதங்கள்தான் அதைக் காப்பாற்றின என்றார்கள். கைதட்டினீர்கள். செல்வநாயகி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் பார்த்தேன்.

பெரியோர்களே! அந்தக் கடிதங்களை எழுதியது நான்.

குழு பத்துக் கடிதம் கேட்டது. ஒரு மாதத்தில் பத்து வந்தால் நிகழ்ச்சி நடக்கும், வராவிட்டால் அந்த நேரம் சினிமாப் பாட்டுக்குப் போகும் என்றது. மூன்றாவது வாரம் முடிந்தபோது என் மேசையில் இரண்டு இருந்தன. ஐயா தினமும் வந்து எட்டிப் பார்ப்பார். “எத்தினை பிள்ளை?” என்பார். “ரெண்டுதான் ஐயா” என்பேன். “ரெண்டு பேர் கேக்கினம், நல்லதுதானே” என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தப் போக்கைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மீதி எட்டையும் எழுதினேன். நீல மை, கறுப்பு மை, பென்சில், இடக்கை! எட்டுப் பெயர், எட்டு ஊர். எட்டு ஊரும் தீவுக்குள்ளேயே இருந்தால் நம்புவார்களோ என்று பயந்து, ஒன்றை மட்டும் அக்கரையில், சுங்கை பாக்காப்பில் இருக்கும் என் சித்தி வீட்டுக்குப் போனபோது எழுதி, அங்கேயே தபாலில் போட்டேன். தபால் முத்திரை சரியாக இருக்க வேண்டுமே! எழுதியவர் பெயர், தோட்டத்து நல்லம்மாள்.

குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் கடிதங்களைக் கையில் வாங்கிப் படித்தார்கள். சுங்கை பாக்காப்பிலும் நம்மைக் கேட்கிறார்களே என்று பெருமைப்பட்டார்கள். தலைவர் அவர்களே, நீங்களும் அதில் ஒருவர். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களில் ஒருவருக்குமே ஒன்று தோன்றவில்லை. நம்முடையது கம்பி வானொலி. காப்பிக் கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் மாட்டியிருக்கும் மரப்பெட்டிக்குள் கம்பி வழியாக வருவது. கம்பி ஜெலுத்தோங் வரைக்கும் போகும், ஆயர் ஈத்தாம் வரைக்கும் போகும். கடலைத் தாண்டி அது என்றைக்கும் போனதில்லை!

எனக்கும் தோன்றவில்லை. ஐயாவுக்குத் தோன்றியது.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். “பிள்ளை, எங்கட கம்பி கடலைத் தாண்டேல்லை. இந்த மனுசி எப்பிடிக் கேக்கிறா?” என்றார்.

“தீவுக்கு வந்து கேட்டிருப்பாங்க, ஐயா” என்றேன்.

“ஒவ்வொரு சனியும் வாறாவோ? அப்ப கட்டாயம் போய்ப் பாக்கத்தான் வேணும்.”

அடுத்த ஞாயிறு எனக்குச் சொல்லாமலே புறப்பட்டுவிட்டார். அப்போது பாலம் ஏது? ஃபெரி பிடித்து, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, பதிவுக் கருவியோடு தோட்டத்துக்குள் நடந்திருக்கிறார். திங்கட்கிழமை காலை வந்து நின்றாரே, அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன்?

“நாலு நல்லம்மாள் இருக்கினம், பிள்ளை. நாலு பேரையும் கண்டிட்டன். ஒருத்தியும் எங்கட ஆள் இல்லை.”

நான்கு பேருக்கும் கடிதத்தை வாசித்துக் காட்டியிருக்கிறார்! ஒருவர் தேநீர் கொடுத்தாராம். ஒருவர், ஜாஸ் என்றால் பற்பசையா என்று கேட்டாராம். நான்காமவர்தான், “பாட்டுன்னா நம்ம பக்கிரிசாமிகிட்ட போங்க சார், எனக்கு எழுதவே தெரியாது லா” என்று வழி காட்டியவர்.

பக்கிரிசாமி அண்ணன் இதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். காலையில் தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரம் வெட்டுவார், திருவிழாவில் கிளாரினெட் வாசிப்பார். ஐயா அவரைத் தவிலோடு ஒரே பாட்டை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். இரண்டாவது முறை வேறு மாதிரி வந்தது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டார். “நான் எங்க சார் மாத்துனேன்? தவில்காரன் முந்திப் போயிட்டான். அவனைப் பிடிக்கணுமேன்னு குறுக்கால போனேன்” என்றார் அண்ணன்.

அந்தப் பதிலைக் கேட்டு ஐயா தரையில் உட்கார்ந்துவிட்டாராம். அமெரிக்காவிலே சாக்ஸபோன்காரர் செய்ததும் இதுதானே! ஐந்து ஆண்டுகளாக அவர் நம்மிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, பால் வாளிக்குப் பக்கத்தில் ஒருவர் இவ்வளவு சுலபமாகப் பதில் வைத்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை ‘சுற்றுவழி’யில் முதலில் இசைத்தட்டு, உடனே பக்கிரிசாமி. நடந்ததை ஜெலுத்தோங் காப்பிக் கடை அப்துல் ரஹீம் அண்ணன் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தோட்டத்திலிருந்து இருபத்தெட்டுப் பேர் ஃபெரி ஏறி வந்து அவர் கடையை நிறைத்துவிட்டார்கள். பிள்ளைகுட்டிகள் வேறு. “யாரும் பேசாதீங்க, பக்கிரி வரப்போறான்!” என்று ஒரு பெரியவர் அதட்டினாராம். “பக்கிரிதான் இங்க உக்காந்து ரொட்டி சாப்பிடுறாரு, இன்னும் எங்கேருந்து வர்றது?” என்று ரஹீம் அண்ணன் கேட்டாராம். பெட்டியிலிருந்து கிளாரினெட் வந்ததும் கடையே அசையாமல் நின்றதாம். ஜாஸ் வந்தால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் வழக்கமான வாடிக்கையாளர்களும் அன்றைக்குக் கேட்டார்கள். மறுமாதம் எனக்கு இருபத்து மூன்று கடிதங்கள் வந்தன. உண்மையான கடிதங்கள்! அவற்றைப் பிரிக்கப் பிரிக்க எனக்கு அழுகை வந்தது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகக் கேட்டிருக்கிறேன்.

நல்லம்மாள் கடிதத்தில் ஒரு கேள்வி இருந்தது. ‘போன வாரம் போட்ட பாட்டில் ஊதுகிறவர் நடுவில் நிறுத்தினாரே, மூச்சு வாங்கினாரா, யோசித்தாரா?’ மற்ற ஏழு கடிதங்களிலும் நான் ‘நிகழ்ச்சி அருமை, தொடர வேண்டுகிறோம்’ என்றுதான் எழுதினேன். இந்த ஒன்றில் மட்டும், பக்கத்து அறையில் தட்டச்சு செய்துகொண்டே கேட்டபோது எனக்கு உண்மையாகவே தோன்றியதை எழுதிவிட்டேன். ஐயா அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். “இந்த மனுசிக்குக் காது இருக்கு, பிள்ளை. இப்பிடி ஒராள் கேக்கிறா எண்டா நான் இன்னும் கவனமாச் செய்யவேணும்” என்றார். ஒவ்வொரு ஆண்டின் கடைசிச் சனிக்கிழமையும், “சுங்கை பாக்காப் நல்லம்மாள் அம்மா, எங்கே இருக்கிறீர்கள்? உங்களை ஒருமுறை பார்க்க வேண்டும்” என்று ஒலிபரப்பில் கேட்டார். பன்னிரண்டு முறை கேட்டார்! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நடுவில் பத்தடி.

எனக்கு அந்த நல்லம்மாள் மேல் பொறாமையாக இருந்தது. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். நானே உண்டாக்கிய ஒரு பெண்ணுக்கு அவ்வளவு மரியாதை! நான்தான் ஐயா அது என்று சொல்ல வாய் வரும். சொன்னால், நிகழ்ச்சியைக் காப்பாற்றியது ஒரு பொய் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்த நேர்மையான மனிதர் அன்றைக்கே எழுந்து போயிருப்பார். அதற்குப் பயந்தேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் அடுத்த வாரம் எந்த இசைத்தட்டு போடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பிவிட்டேன். மறுநாள் காலை செல்வநாயகி அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார்கள்.

ஐயா உண்மை தெரியாமலே போய்விட்டார். எனக்கு அது தாங்கவில்லை. அக்கா, உங்களிடமும் இந்தச் சபையிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

தலைவர் அவர்களே! அடுத்த மாதம் முதல் ‘சுற்றுவழி’ நேரத்தைச் சினிமாப் பாட்டுக்குக் கொடுப்பதாக வெள்ளிக்கிழமை என்னிடம் சொன்னீர்கள். நடத்த ஆள் இல்லை, கேட்கவும் ஆள் குறைந்துவிட்டது என்றீர்கள். இப்போது நான் பேசியதால், அது பொய்யில் நின்ற நிகழ்ச்சி என்று சொல்லவும் உங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. நானே எடுத்துக் கொடுத்தேன். தெரிந்துதான் கொடுத்தேன். என் வேலை போனாலும் வருத்தமில்லை.

நடத்த ஆள் இல்லை என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் நடத்துகிறேன். ஐயாவைப் போல எனக்கு இசை தெரியாது. கருவியைத் தோளில் மாட்டத் தெரியும், பஸ் ஏறத் தெரியும், கேட்கத் தெரியும். போரியா நடக்கும் இடத்துக்குப் போவேன். பொம்மலாட்ட மேடைக்குப் பின்னால் போவேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன். பக்கிரிசாமி அண்ணன் முதல் வாரம் வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். இதை ஐயாவின் படத்துக்கு முன்னால் நின்று, உங்கள் எல்லோருக்கும் முன்னால், உறுதியாகச் சொல்கிறேன்.

கேட்க ஆள் இருக்கிறார்களா? அதை நான் சொல்ல முடியாது. என் சொல்லை இனி யார் நம்புவார்கள்? நீங்கள்தான் சொல்ல வேண்டும். தலைவர் அவர்கள் விரும்பினால் மறுபடியும் பத்து என்று கணக்கு வைக்கட்டும். கடிதங்கள் நேராக அவர் மேசைக்கே போகட்டும், என் கையில் படவே வேண்டாம். பத்து வராவிட்டால் நிறுத்திவிடுங்கள். நான் வாய் திறக்க மாட்டேன்.

இந்த முறை ஒரு கடிதமும் நான் எழுத மாட்டேன், நேயர்களே. நீங்கள் எழுதுங்கள். சொந்தப் பெயரில், சொந்த ஊரிலிருந்து எழுதுங்கள். பாராட்டு வேண்டாம், ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தேடிப் போகிறேன். கேட்டவர் வீட்டுக் கதவைத் தட்டினால், அங்கே ஒரு ஆள் இருந்தால் போதும்.