பதினான்காம் எண் நீலத் தகடு

அதிகாலை மூன்றேகால் மணி. தொண்ணூற்றாறாம் வருஷம், ஜூலை மாதம். ஆக்லாந்தின் ரானுயியில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு சாலை போகிறது. ஒரு பக்கம் கம்பி வேலி, மறுபக்கம் புதர். நடுவே ஒரே ஒரு விளக்குக் கம்பம்... அதுவும் அன்றைக்கு எரியவில்லை. அந்தச் சாலையில் ஒருவர் தனியாக நடந்து போகிறார். கையில் டார்ச், தோளில் பிளாஸ்க்.

அவர் நம் சுரேகாவின் பெரியப்பா, லெட்சுமணன். இந்தக் கதையைச் சுரேகா எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்கப்புறம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். அவள் இன்றைக்கு இங்கே இல்லை, அதனால் சொல்கிறேன். நவின், நீ சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்து முடித்துக்கொள். ஷாரோன், அந்தக் கதவைச் சாத்திவிட்டு இப்படிக் கிட்ட வந்து உட்கார்.

லெட்சுமணன் மலேசியாக்காரர். வாலிப வயதில் செந்தூல் ரயில்வே பட்டறையில் பாய்லர் வேலை பார்த்தவர். ஆக்லாந்துக்கு வந்த பிறகு கோழிக்கறி பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை. ஆறாவது நாள் மட்டும்தான் அவர் மனிதர். சனிக்கிழமை விடிந்தால் ரானுயி ஷெட்டுக்குப் போய்விடுவார். அங்கே ஒரு சங்கம் பழைய நீராவி எஞ்சின் ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தது.

அது நியூசிலாந்து எஞ்சின் இல்லை. அமெரிக்காவில் மலைக்காட்டு மரத்தை இழுத்த ஒரு சின்ன ரயில் கம்பெனியுடையது. கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. மற்ற எஞ்சின்களையெல்லாம் பழைய இரும்புக்கு வெட்டிப் போட்டார்கள். இதை மட்டும் யாரும் தொடவில்லை. அறுபது வருஷம் ஒரு கொட்டகைக்குள் அப்படியே நின்றது. அதை ஒரு பணக்காரர் வாங்கிக் கப்பலேற்றி, கூடவே அந்தக் கம்பெனியின் புத்தகங்கள், படங்கள், லாந்தர்கள் என்று ஆறு மரப்பெட்டியும் சேர்த்துச் சங்கத்திடம் கொடுத்தார்.

அந்த ஆறு பெட்டிக்கும் பொறுப்பு தியாகலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், ஊரின் மறுகோடியில் எப்சமில் வீடு. அறுபது வயது. ஒரு டிக்கெட் துண்டு கிடைத்தாலும் கண்ணாடி போட்டு, தேதி எழுதி, உறையில் வைப்பார். லெட்சுமணனுக்கு அவரைவிட நெருங்கிய சிநேகிதர் இந்த ஊரில் இல்லை. தியாகலிங்கத்தின் மனைவி வசந்தமலர் அக்கா கட்டிக் கொடுக்கும் புட்டுப் பொட்டலத்தை இருவரும் எஞ்சின் படியில் உட்கார்ந்து பாதிப் பாதியாகச் சாப்பிடுவார்கள்.

அந்த எஞ்சின் வந்து இறங்கியபோதே, ஓட்டுகிறவர் பிடிக்கும் பெரிய கைப்பிடியில் ஒரு தகடு தொங்கியது. பித்தளை. மேலே நீலப் பூச்சு. நடுவில் பதினான்கு என்று எண். ஒரு தொழிலாளி பாய்லருக்குள் இறங்குமுன் தன் எண் போட்ட தகட்டை அங்கே மாட்டுவான். தகடு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். தீ மூட்டக் கூடாது, எஞ்சினை அசைக்கக் கூடாது. வெளியே வந்து அவனே கழற்ற வேண்டும். வேறு யாரும், முதலாளியே ஆனாலும், அதைத் தொடக் கூடாது.

தியாகலிங்கம் பெட்டிக்குள் அந்தக் கொட்டகையின் பழைய பதிவேட்டைக் கண்டுபிடித்தார். தகடு மாட்டிய நேரத்துக்கு ஒரு பத்தி, கழற்றிய நேரத்துக்கு ஒரு பத்தி. பதினான்காம் எண்ணுக்கு மாட்டிய நேரம் இருந்தது. எதிரே... வெற்றிடம். அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து பதிவேடே இல்லை.

மற்ற எஞ்சின்களை வெட்டியவர்கள் இதை மட்டும் ஏன் தொடவில்லை என்று அன்றைக்குத்தான் இவர்களுக்குப் புரிந்தது.

எஞ்சினின் முதல் ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. மூன்று வருஷ உழைப்பு. முந்தின நாள் சனிக்கிழமை பிற்பகல் தியாகலிங்கம் கண்காட்சிக்குச் சாமான் எடுத்துக்கொண்டிருந்தார். கை அந்தத் தகட்டுக்குப் போனது.

"அண்ணே, அத மட்டும் தொடாதீங்க. மாட்டுனவன்தான் கழட்டணும். எங்க செந்தூல்லயும் அதான் ரூல்."

"மாட்டினவன் எப்பவோ செத்திருப்பான், தம்பி. இனி ஆர் வந்து கழட்டுறது? சும்மா கிடந்து கறள் பிடிக்கிறதை நாலு சனம் பாக்கட்டும்."

"உள்ள இருக்கிறவன் வெளிய வர்றதுக்கு முன்னால தட்டுவான், அண்ணே. மூணு தட்டு, கொஞ்சம் விட்டு ஒண்ணு. வெளிய நிக்கிறவன் அதே மாதிரி பதில் தட்டணும். தட்டினாத்தான் அவன் வருவான்."

"மூண்டோ நாலோ, உந்தக் கணக்கெல்லாம் எனக்கு ஞாபகம் நிக்காது" என்று சிரித்துக்கொண்டே தியாகலிங்கம் தகட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். இரவு வீட்டில் வைத்துப் பிராசோ பாலிஷ் போட்டுத் துடைத்து, காலையில் கொண்டுவருவதாகச் சொன்னார்.

லெட்சுமணன் இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் தெரியுமா? தகடு தொங்கும்போது தீ மூட்ட அவருக்குக் கை வராது. யாராவது கழற்றித் தொலைத்தால் நல்லது என்று உள்ளூர அவரே நினைத்துக்கொண்டிருந்தார். இதைப் பிற்பாடு அவர் சுரேகாவிடம் சொல்லி அழுதாராம்.

சரி. மூன்றேகால் மணிக்கு நடந்து போனாரே... ஏன் அந்த நேரம்? குளிர்ந்து கிடக்கும் பாய்லரை அவசரமாகச் சுட வைத்தால் இரும்பு வெடித்துவிடும். ஆறேழு மணி நேரம் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். பத்து மணி ஓட்டத்துக்கு மூன்றரைக்கே தீ.

ஷெட்டைத் திறந்தார். எண்ணெய் வாசனை, ஈரக் கரி வாசனை. கிழிந்த துணியும் விறகும் போட்டுப் பற்ற வைத்தார். முந்தின மாலையே பாய்லரில் தண்ணீர் நிரப்பி, மூடியின் போல்ட்டுகளை அவர் கையாலேயே முறுக்கியிருந்தார். உள்ளே எலி நுழையவும் இடமில்லை. ஒரு ஆள் மூச்சு விட இடமில்லை.

நான்கு மணி. இரும்பு சூடேறும்போது டிக்... டிக்... என்று சத்தம் வரும். அது அவருக்குப் பழக்கம். பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினார்.

டங்.

டங்.

டங்.

கொஞ்சம் இடைவெளி...

டங்.

டீ கையில் கொட்டியது. சுட்டதே தெரியவில்லை. சத்தம் பாய்லருக்குள்ளிருந்து வந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து. சுத்தியல் சத்தம்.

ஒரு ஆள் இருக்கிறானோ இல்லையோ, தீ இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவருக்குத் தோன்றியது. மூன்று வருஷம், டிக்கெட் வாங்கிய இருநூறு பேர், எதையும் யோசிக்கவில்லை. கம்பியை எடுத்து எரிகிற விறகையெல்லாம் கிளறிக் கீழே தள்ளி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். புகை. இருமல். பிறகு ஒரே அமைதி.

மறுபடியும்... மூன்று. இடைவெளி. ஒன்று.

செந்தூலில் பதினெட்டு வருஷம் பழகிய கை. அவரைக் கேட்காமலே அது சுத்தியலை எடுத்தது. அவரைக் கேட்காமலே பதில் தட்டியது. மூன்று... ஒன்று.

தட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது.

பாய்லரின் மேல் யாரோ நடந்தார்கள். ஈரப் பூட்ஸ். சதக்... சதக்... பக்கவாட்டில் இறங்கி, அவருக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. ஆளைக் காணோம். கொதிக்கிற தண்ணீரில் ஊறிய கம்பளித் துணி வாசனை மட்டும். அந்தப் பெரிய கைப்பிடி மெதுவாக ஒருமுறை ஆடியது. திரும்ப ஒருமுறை. இருட்டில் ஆணியில் மாட்டிய சட்டையைத் தடவித் தேடுவோமே, அப்படி.

தேடியது அங்கே இல்லை.

பிறகு சதக், சதக் என்று வாசல் பக்கம். சிமெண்டுத் தரையில் ஈரத் தடங்கள், ஒவ்வொன்றிலும் ஆவி பறந்தது. சாலையில் ஏறி நகரத்துப் பக்கம் திரும்பிப் போயின.

லெட்சுமணன் சுவரில் இருந்த போனுக்கு ஓடினார். எப்சம் நம்பர். இரண்டாவது மணியிலேயே தியாகலிங்கம் எடுத்தார். கண்காட்சி நினைப்பில் அவர் தூங்கவே இல்லை.

"அண்ணே! அந்தத் தகடு எங்க?"

"இஞ்சை மேசையிலைதான், துடைச்சு முடிச்சிட்டன். நல்ல வடிவாய் வந்திருக்கு. என்ன தம்பி, மூச்சு வாங்குது?"

"அத எடுத்து வெளிய போட்டுடுங்க. கதவப் பூட்டிக்குங்க. யாரு தட்டினாலும்..."

போனுக்குள் அவருக்குக் கேட்டது. கதவு. மூன்று... ஒன்று.

"பொறும், ஆரோ தட்டுகினம். எங்கடை சங்கத்துக் கிரேக் போல கிடக்கு. சாமான் ஏத்த விடிய வாறன் எண்டவன்."

"அண்ணே, தொறக்காதீங்க! அண்ணே!"

தியாகலிங்கம் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டார். நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம். கதவுச் சங்கிலி கழன்றது. பிறகு காற்று... வெறும் காற்று. லெட்சுமணன் கத்திக்கொண்டே இருந்தார்.

எவ்வளவு நேரமோ. அப்புறம் வசந்தமலர் அக்காவின் தூக்கக் குரல்.

"ஹலோ? ஆர் கதைக்கிறது? லெட்சுமணனே? இவர் எங்கை போட்டார்? கதவு ஆவெண்டு திறந்து கிடக்கு... தரையெல்லாம் சுடுதண்ணி."

அந்த நிமிஷம்தான் லெட்சுமணனின் மூக்கில் ஏறியது. ஷெட்டுக்குள்... பிராசோ வாசனை.

திரும்பிப் பார்த்தார். கைப்பிடியில் தகடு தொங்கிக்கொண்டிருந்தது. பளபளவென்று. இன்னும் லேசாக ஆடிக்கொண்டு.

பாய்லருக்குள்ளிருந்து தட்டும் சத்தம். இரண்டு. நான்கு. அப்புறம் ஐந்தாறு, படபடவென்று, கணக்கே இல்லாமல்.

போலீஸ் வந்தது. பாய்லரைத் திறந்தார்கள், தண்ணீரை இறக்கினார்கள். உள்ளே எதுவும் இல்லை. தியாகலிங்கம் எங்கேயும் இல்லை. ஓட்டம் நின்றது. அந்தத் தகட்டைத் தொட லெட்சுமணன் யாரையும் விடவில்லை. மூடியைப் போட்டார்கள், ஷெட்டைப் பூட்டினார்கள், சங்கமும் கலைந்தது. சாவி மட்டும் அவரிடம்.

இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் போவார். பாய்லரில் காதை வைத்துக் கேட்பார். முதலில் கணக்கில்லாமல் தட்டிக்கொண்டிருந்ததாம். பிறகு மூன்று மட்டும். அப்புறம் மூன்று, உடனே ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டு வந்ததாம். லெட்சுமணன் ஒருநாளும் பதில் தட்டவில்லை. ஒருவர் வெளியே வந்தால் அந்த இடத்துக்கு இன்னொருவர் உள்ளே போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

போன வாரம் சரியாக வந்துவிட்டது என்று சுரேகாவிடம் சொன்னாராம். "மூணு, கொஞ்சம் விட்டு ஒண்ணு. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே. தட்டிட்டுப் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்காரு. அவர உள்ள விட்டுட்டு நான் எப்படி லா சோறு திங்கிறது?"

இன்றைக்கு என்ன கிழமை? சனிக்கிழமைதானே. மத்தியானம் கிளம்பும்போது பெரியப்பா அலமாரியைத் திறந்து செந்தூல் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனாராம். இன்னும் வீடு திரும்பவில்லை. சுரேகா இங்கே வராததற்கு அதுதான் காரணம்.

நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு போன் வந்ததே, அது அவள்தான். பெரியப்பா இங்கே வந்தாரா என்று கேட்டாள், போன வாரத்து விஷயத்தையும் அப்போதுதான் சொன்னாள். எப்சமிலிருந்து வசந்தமலர் அக்கா அவளைக் கூப்பிட்டாராம். வாசல் கதவை யாரோ தட்டுகிறார்களாம், திறக்கப் பயமாக இருக்கிறதாம்.

மூன்று... கொஞ்சம் விட்டு, ஒன்று.