மார்க் வருகிற வரைக்கும்

மரகதவல்லி: பெருமாள் தெருமுனைக்கு வந்தாச்சுன்னா. மேளம் கேக்கறது பாருங்கோ.

வேதாந்தம்: கேக்கறது, கேக்கறது. நீ போய் சேவிச்சுட்டு வா.

மரகதவல்லி: நீங்க?

வேதாந்தம்: நான் காலம்பரவே கோவிலுக்குப் போய் சேவிச்சாச்சு. உள்ளே இருக்கறவரும் அவர்தானே.

மரகதவல்லி: பங்குனி உத்ஸவத்துல, வாசலுக்கு வர்ற பெருமாளை விட்டுட்டு, ஐஸ்ல வழுக்கறதைப் பாக்கற முதல் ஸ்ரீரங்கத்து மனுஷர் நீங்கதான்.

வேதாந்தம்: வழுக்கறது இல்லைடி. ஸ்கேட்டிங். வழுக்கினா மார்க்கைக் குறைச்சுடுவா.

மரகதவல்லி: என்னமோ, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியறது.

வேதாந்தம்: ஐப்பசியிலேர்ந்து பக்கத்துல உக்காந்து பாக்கறே. இன்னுமா தெரியலை?

மரகதவல்லி: நான் எங்கே பாத்தேன்? கொத்தவரங்காய் நறுக்கறேன். கண்ணை எங்கேயாவது வச்சுக்கணுமே.

வேதாந்தம்: சரி, நறுக்கு. இந்த ரிமோட்டுல எதை அழுத்தணும்? நேத்திக்கு ராத்திரி நடந்தது வரணும். முடிவு தெரிஞ்சுடப்படாது. முதல்லேர்ந்து வரணும்.

மரகதவல்லி: மாடியாத்துப் பொண்ணுதானே இதைப் போட்டுக் கொடுத்தா... மணிமேகலை. அவ வரட்டும். போன தடவை நீங்க அழுத்தினதுல சமையல் நிகழ்ச்சி வந்து, வெங்காய பஜ்ஜி போட்டா.

வேதாந்தம்: இன்னிக்கு விளையாட்டு இல்லை மரகதம். உலகப் போட்டி. இன்னிக்குச் சின்ன ஆட்டம். இதுல முதல் இருபத்தினாலு பேருக்குள்ளே வந்தாத்தான் பெரிய ஆட்டத்துக்கு விடுவா. வரலைன்னா பெட்டியைக் கட்டிண்டு ஊருக்குப் போகவேண்டியதுதான்.

மரகதவல்லி: யாரு, உங்க பின்லாந்துக்காரியா?

வேதாந்தம்: ஹில்யா. இந்த சீசனோட நிறுத்திக்கறேன்னு சொல்லிட்டா. முப்பது வயசு ஆச்சு. இந்த ஆட்டத்துல முப்பதுன்னா ரிட்டயர்மெண்ட். போறாததுக்குக் கணுக்கால் வேற...

மரகதவல்லி: அப்போ இன்னிக்குத் தேறலைன்னா...

வேதாந்தம்: இதுதான் கடைசி. அப்புறம் பாக்க முடியாது. ஏன், நறுக்கறதை நிறுத்திட்டே?

மரகதவல்லி: ஒண்ணுமில்லை. கத்தி மொண்ணையா இருக்கு.

வேதாந்தம்: காலம்பர தாயார் சன்னதியில ஒரு அர்ச்சனை பண்ணினேன்.

மரகதவல்லி: யார் பேருக்கு?

வேதாந்தம்: அவ பேருக்குத்தான். ஹில்யா.

மரகதவல்லி: ராமா! அர்ச்சகர் சிரிக்கலையோ?

வேதாந்தம்: அவர் என்னத்தைக் கண்டார்? வெளியூர் சேவார்த்தி யாரோன்னு நினைச்சுண்டார். நட்சத்திரம் கேட்டார்.

மரகதவல்லி: என்ன சொன்னேள்?

வேதாந்தம்: என்னமோ... வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உத்திராடம்.

மரகதவல்லி: உத்திராடமா...

வேதாந்தம்: ஏன், இருக்கப்படாதா?

மரகதவல்லி: பேஷா இருக்கலாம். பின்லாந்துலயும் இருபத்தேழு நட்சத்திரம் உண்டே.

மணிமேகலை: மாமி... உள்ள வரலாங்களா?

மரகதவல்லி: வாடி மணிமேகலை. உன்னைத்தான் சொல்லிண்டிருந்தோம். மாமா ரிமோட்டோட மல்லுக்கட்டறார்.

மணிமேகலை: இன்னிக்கு பேங்க் லீவுங்க. அதான் பெருமாளைப் பாத்துட்டுப் போலாம்னு எறங்கி வந்தேன். இன்னும் பாக்கலையா மாமா? நேத்தே முடிஞ்சிருச்சே. போன்ல பாத்தேன். பாவம் அந்த...

வேதாந்தம்: சொல்லாதே!

மரகதவல்லி: சொல்லாதேடி!

மணிமேகலை: ஆத்தாடி... மாமாதான் கத்துவாங்கன்னு பாத்தா, மாமி அதுக்கு மேல கத்துறீங்க!

மரகதவல்லி: அது... அவருக்கு பிரஷர் ஏறிடுமேன்னு கத்தினேன்.

மணிமேகலை: சரி சரி, சொல்லல. குடுங்க ரிமோட்டை. இந்தாங்க, ஆரம்பத்துல வச்சிட்டேன். அவங்க வர்ற எடத்துக்கு ஓட்டட்டுமா?

வேதாந்தம்: ஓட்டு.

மணிமேகலை: அது எப்பிடி மாமா, திருச்சி வெயில்ல உக்காந்துக்கிட்டு இந்த ஆட்டத்து மேல இவ்வளவு பிரியம்? தொட்டியத்துல எங்கப்பா கிட்ட சொன்னேன். "ஐஸ் மேல ஆடுறாங்களா? நழுவாதா?"ன்னு கேட்டுட்டு, அப்பறம் வேற பேச்சுக்குப் போயிட்டாரு.

வேதாந்தம்: உடம்புக்குக் குளிர்ச்சியா இருக்கட்டுமேன்னு பாக்கறேன். ஷ்... வந்துட்டா.

மணிமேகலை: டிரஸ்ஸு அழகா இருக்குல்ல மாமி? ஊதால வெள்ளைக் கல்லு வச்சு...

மரகதவல்லி: பெருமாளுக்கு முத்தங்கி சாத்தினாப்பல இருக்கு. கை ரெண்டும் இன்னும் சித்த மூடியிருக்கலாம். குளிராதோ?

வேதாந்தம்: பேசாதேங்கோ. இப்போ முதல் குதி. பின்னாலே பாத்துண்டே வந்து, எகிறி, மூணு சுத்து சுத்தணும்... ஒண்ணு... ரெண்டு... அடடா!

மணிமேகலை: நல்லாத்தானே குதிச்சாங்க? விழலையே?

வேதாந்தம்: விழலை. ரெண்டு சுத்தோட இறங்கிட்டா. மூணு வேணும். கால் வலிக்கறது அவளுக்கு. இறங்கினப்போ மூஞ்சியைப் பாத்தியோ?

மரகதவல்லி: கட்டு போட்டிருக்கா பாருங்கோ, காலுறைக்கு உள்ளே. நன்னா இறுக்கித்தான் போட்டிருக்கு.

வேதாந்தம்: ஆமாம். நன்னா போட்டிருக்கு.

மணிமேகலை: கொத்தவரங்கா நறுக்கிக்கிட்டே அதெல்லாம் எப்பிடி மாமி தெரியுது உங்களுக்கு?

மரகதவல்லி: வயசானவாளுக்குத் தூரத்துப் பார்வை நன்னா இருக்கும்.

வேதாந்தம்: இப்போ முன்னாலே பாத்துண்டு குதிக்கறது... ஆக்செல்... சபாஷ்! அப்பிடிப் போடு! சுழலைப் பாரு, பம்பரம்! இன்னும் ஒண்ணுதான்... மெள்ள... மெள்ள... முடிச்சுட்டா.

மணிமேகலை: மாமா, வேர்த்துப் போச்சு உங்களுக்கு. ஃபேனைக் கூட்டட்டுமா?

வேதாந்தம்: இரு. இரு. இப்போதான்... அந்த பெஞ்சு வரும்.

மணிமேகலை: எந்த பெஞ்சு?

வேதாந்தம்: மார்க் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கற பெஞ்சு. நகராதே. மறைக்காதே.

மணிமேகலை: ஓ, இதுவா. மூணு பேரு உக்காந்திருக்காங்க. நடுவுல அவங்க. அந்தப் பக்கம் தொப்பி போட்ட ஐயா, கோச்சா? இந்தப் பக்கம் யாரு... அட! மாமி, இங்க பாருங்களேன். இந்தப் பொண்ணு நம்ம ஊரு மொகமால்ல இருக்கு! நெசமாத்தாங்க. கால் வைத்தியம் பாக்குறவங்க போல, மடியில பையி, ஐஸ் பாக்கெட்டு. மாமி, மூக்கு அப்பிடியே உங்க மூக்கு!

மரகதவல்லி: உலகத்துல எத்தனையோ மூக்கு இருக்கு.

வேதாந்தம்: இந்தியாக்காரா இல்லாத இடம் ஏது இப்போ? யாரோ.

மணிமேகலை: யாரோதான்... ஆனாலும் கேமராவையே பாக்குறாங்க பாருங்க. மத்தவங்க எல்லாம் மார்க் போர்டைப் பாக்குறாங்க. இவங்க மட்டும்... ஐயோ, மேளம் கிட்ட வந்துருச்சு! மாமி, வரலையா?

மரகதவல்லி: நீ போயிண்டே இரு. பின்னாலேயே வரேன்.

மணிமேகலை: வாசல்ல எடம் புடிச்சு வைக்கிறேன். வந்துருங்க.

மரகதவல்லி: மூக்காம்.

வேதாந்தம்: ம்.

மரகதவல்லி: பேசறதுக்கு ஒண்ணும் கிடைக்காட்டா மூக்கு.

வேதாந்தம்: ம்... பதினெட்டாவது இடம். இன்னும் பன்னிரண்டு பேர் ஆடணும். பாப்போம்.

மரகதவல்லி: ஏன்னா, உங்களோட ஒரு விஷயம்...

வேதாந்தம்: போட்டி முடியட்டும்.

மரகதவல்லி: மூணு வருஷமா ஏதாவது ஒண்ணு முடியணும்னுதான் சொல்றேள். அவ பேரை இந்த ஆத்துல எடுக்கப்படாதுன்னேள். எடுத்தேனா நான்?

வேதாந்தம்: எடுக்கலை.

மரகதவல்லி: அவ போட்டோவைக் கழட்டி பரண்ல போட்டேள். கேட்டேனா?

வேதாந்தம்: மரகதம், கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கறச்சே, "எனக்கு இஷ்டமில்லை, வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு"ன்னுட்டுப் போனா. வீடு வீடாப் பத்திரிகை கொடுத்தவன் நான். அதே வீடு வீடாப் போய், கல்யாணம் நின்னுபோச்சுன்னு சொன்னவனும் நான்தான். ஒவ்வொருத்தராத்துலயும் காப்பி கொடுத்தா. குடிச்சேன்.

மரகதவல்லி: நானும்தான் குடிச்சேன். உங்க பக்கத்துலதானே நின்னேன்.

வேதாந்தம்: ...இருபது. ரெண்டு இடம் கீழே வந்துட்டா.

மரகதவல்லி: உத்திரத்தன்னிக்குத் தாயார் கோவிச்சுண்டு பெருமாள் மூஞ்சியில அடிச்சாப்பல கதவைச் சாத்தறா. பூவாலயும் வெண்ணெயாலயும் அடிக்கறா. ஊரே நின்னு பாக்கறது. ஆனா பொழுது சாயறதுக்குள்ளே கதவைத் திறந்து, ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்துடறா.

வேதாந்தம்: பெருமாள் சமாசாரத்தை நம்மாத்து சமாசாரத்தோட சேர்க்காதே.

மரகதவல்லி: சேர்க்கலை. உத்ஸவம் நடக்கறதேன்னு சொன்னேன்.

வேதாந்தம்: இருபத்தி ரெண்டு. இன்னும் நாலு பேர் பாக்கி.

மரகதவல்லி: அந்த நாலு பேரும் நன்னா ஆடறவாளோ?

வேதாந்தம்: கடைசியா வர்றவா எல்லாம் பெரிய கைகள். ரெண்டு பேர் சறுக்கினாத்தான் உண்டு... வரா பாரு, இத்தாலிக்காரி. போன வருஷம் இதே குதியில விழுந்தா.

மரகதவல்லி: அந்தப் பொண்ணு விழணும்னா உக்காந்திருக்கேள்? பாவம் இல்லையோ?

வேதாந்தம்: பாவம்தான். அடிபட வேண்டாம். சும்மா... லேசா... கை தரையில பட்டாப் போறும்.

மரகதவல்லி: பெருமாளே, அடிபடாம விழப்பண்ணு.

வேதாந்தம்: நீயும் வேண்டிக்கறியா?

மரகதவல்லி: உங்களுக்காக.

வேதாந்தம்: விழலை. இருபத்தி மூணு.

மரகதவல்லி: அடுத்தவ?

வேதாந்தம்: அவளும் நன்னா ஆடிட்டா. இருபத்தினாலு. ஓரத்துல ஒட்டிண்டு நிக்கறா. இன்னும் ரெண்டே பேர். ஒருத்தி முந்தினாலும் போச்சு...

மரகதவல்லி: நான் கண்ணை மூடிக்கறேன். நீங்க சொல்லுங்கோ.

வேதாந்தம்: சுத்தறா... குதிச்சா... நின்னுட்டா. அடுத்தது... கால் ஆடறது... விழப்போறா, விழப்போறா...

மரகதவல்லி: விழுந்துட்டாளா?

வேதாந்தம்: ...சமாளிச்சுண்டுட்டா.

மரகதவல்லி: அப்போ?

வேதாந்தம்: இருபத்தி அஞ்சு. கடைசி ஆள் எப்பிடி ஆடினாலும் இனிமே ஒண்ணுதான். ஒரு இடத்துல போயிடுத்து.

மரகதவல்லி: அந்த ஒரு சுத்து... ரெண்டுக்கு பதில் மூணு சுத்தியிருந்தா...

வேதாந்தம்: கால் வலிக்கறதுன்னு சொன்னேனே. அவ என்ன பண்ணுவா?

மரகதவல்லி: மேளச் சத்தமும் நம்ம வாசலைத் தாண்டிடுத்து. மணிமேகலை எனக்கு இடம் பிடிச்சு வச்சிண்டு நின்னிருப்பா, பாவம்.

வேதாந்தம்: உன்னால போகவும் முடியலை, இல்லையா?

மரகதவல்லி: காய் பாக்கி இருந்துது.

வேதாந்தம்: ரிமோட்டைக் கொடு. பின்னாடி போகணும்.

மரகதவல்லி: எங்கே?

வேதாந்தம்: அந்த பெஞ்சுக்கு.

மரகதவல்லி: மார்க்தான் தெரிஞ்சுடுத்தே.

வேதாந்தம்: கொடேன்... எது பின்னாடி போறது? இதுவா? ஆங்... நின்னுடுத்து. இளைச்சுட்டா.

மரகதவல்லி: யாரு, ஹில்யாவா? அவ எப்பவுமே அப்பிடித்தானே.

வேதாந்தம்: அவ இல்லை. அம்ருதா.

மரகதவல்லி: ...சொல்லிட்டேளா. இன்னொரு தரம் சொல்லுங்கோ, கேக்கறேன்.

வேதாந்தம்: கிண்டல் பண்ணாதே. ஆவணியிலேயே என் தங்கை பிள்ளை ஸ்ரீவத்ஸ் சொன்னான். "மாமா, அம்ருதா ஒரு ஸ்கேட்டிங்காரிக்குக் கால் வைத்தியம் பாக்கறா, டிவியில வருவா"ன்னு. நான் அவனை வெரட்டி விட்டேன். மறுநாளே மணிமேகலை கிட்ட போய் நின்னேன், இதைப் போட்டுக் கொடுன்னு. ஆட்டமெல்லாம் அப்புறம் தானா பழகிடுத்து. பிடிச்சும் போச்சு. ஆனா...

மரகதவல்லி: ஆனா மார்க் வர்ற வரைக்கும்தான் அவளைக் காட்டுவா.

வேதாந்தம்: அதுவும் ஹில்யா நன்னா ஆடினா சீக்கிரம் மார்க் வந்துடும், மோசமா ஆடினா கணக்குப் பாக்க நாழியாகும். நன்னா ஆடணும்னும் வேண்டிப்பேன், அவா சித்த மெள்ள கூட்டிக் கழிக்கட்டும்னும் வேண்டிப்பேன். இனிமே ரெண்டுக்கும் வழியில்லை.

மரகதவல்லி: அர்ச்சகர்கிட்ட அவ நட்சத்திரத்தைச் சொன்னேளே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமோ இல்லையோ?

வேதாந்தம்: பேரை எடுக்கப்படாதுன்னு சட்டம் போட்டவனே எப்பிடிச் சொல்றது? நீ பாட்டுக்கு நறுக்கிண்டிருந்தே. உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன்... முதல் போட்டியில என்ன ஆச்சு தெரியுமோ? அந்தாண்டை ஓரத்துல உக்காந்திருந்தா. டிவியில மார்க் காட்டற கட்டம் நேரா அவ மூஞ்சி மேலேயே வந்து நின்னுடுத்து. நெத்தி மட்டும்தான் தெரிஞ்சுது. அன்னிக்கு எனக்கு சாதமே இறங்கலை.

மரகதவல்லி: தெரியும். தட்டை அப்பிடியே வச்சுட்டு எழுந்துட்டேள்.

வேதாந்தம்: நல்ல வேளை, அடுத்த போட்டியிலேர்ந்து இந்தாண்டை மாறி உக்காந்துண்டா. அதுக்கப்புறம் ஒரு தடவை கூட மறைக்கலை. என்ன தோணித்தோ குழந்தைக்கு.

மரகதவல்லி: அவளுக்கு எங்கேன்னா தோணும்? அன்னிக்கு ராத்திரியே போன் பண்ணி நான்தான் சொன்னேன், "இந்தாண்டை உக்காருடி, அப்பாவுக்கு மறைக்கறது"ன்னு.